செஞ்சந்தனமா, செம்மரமா?

ஏற்காடு அடிவாரத்து நாற்றுப்பண்ணை ஒன்றில் பலகை வைத்திருக்கிறார்கள்: ‘அழிந்துவரும் மரங்கள்: சந்தனம், செஞ்சந்தனம்’. செம்மரத்துக்கு ஒட்டிய இந்தச் செஞ்சந்தனம் என்ற பெயரைச் செய்தியிலும் மேடையிலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சந்தனம் வடமொழி வழியாக வந்த சொல். நம் ‘சாந்து’தான் அங்கே போய் அப்படித் திரும்பியது என்பாரும் உண்டு. சங்கப் பாட்டில் ஆரம், சாந்தம். அது போதும்.

‘செம்’ ஒட்டும்போதுதான் வம்பு. செஞ்சந்தனம் என்றதும் சந்தனத்திலேயே சிவப்பாக ஒரு வகை என்றுதான் எவருக்கும் தோன்றும். சந்தனமோ பக்கத்து மரத்தின் வேரை உறிஞ்சி வாழும் அரை ஒட்டுண்ணி. சேர்வராயன் மலையில் தானாக முளைப்பது. அதன் வைரம், அதாவது நடுக்கட்டை, மணக்கும். செம்மரம் அவரைக் குடும்பம், நம் வேங்கைக்கு உடன்பிறப்பு. கடப்பை, சித்தூர்ப் பக்கத்து மலைக்காடுகள் அதன் தாயகம். வைரத்தில் இருப்பது நிறம். சந்தன மணம் கிடையாது.

செம்மரத்தின் தாவரவியல் பெயரிலேயே ‘சாண்டலைனஸ்’ இருக்கிறதே என்பார்கள். பெயர் வைத்தவர் ‘சந்தனம் போன்றது’ என்று ஒப்பிட்டார், அவ்வளவுதான்; அந்த ஒப்புமையை உறவாக்கியது நம் மொழிபெயர்ப்பாளர்கள். ஆங்கிலச் சொல்லைப் பிய்த்து, துண்டுக்குத் துண்டு தமிழ் ஒட்டினால் வேலை முடிந்தது இவர்களுக்கு. தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘செவ்வாரம்’ என்று திருத்தினார். அதே பிழை, வடமொழி நீக்கப்பட்டு! போதாக்குறைக்கு, நகைக்கடையில் கேட்டால் சிவப்புக்கல் மாலையை எடுத்துக் காட்டுவார்கள். நாட்டு மருந்துக்கடையில் கல்லில் உரைத்துப் பூசத் தருவது செஞ்சந்தனமாகவே இருக்கட்டும். அங்கே அது மருந்தின் பெயர். காட்டில் நிற்பது செம்மரம். 2015 ஏப்ரலில் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டியதாகச் சொல்லி, தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, இந்த மாவட்டத்தில் யாரும் செஞ்சந்தனம் என்று பேசவில்லை.

‘அழிந்துவரும்’ என்பதும் இரண்டையும் ஒரே கூடையில் போடுகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் (இங்கே ‘செம்’ பொருந்துகிறது) சந்தனம் ‘அழிவாய்ப்பு’ நிலையில் இருக்கிறது. செம்மரம் அதற்கு ஒரு படி மோசமான ‘அருகிய’ நிலையில். பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் 1995 முதல் செம்மரம் இருக்கிறது.

பண்ணைக்காரரிடம் பலகையைக் காட்டி விலை கேட்டேன்.

“எது, செம்மரக் கன்றுங்களா?” என்றார்.