சவுண்ட் ஹீலிங்: தமிழில் என்ன சொல்வது?

பாயில் மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். தலைமாட்டில் ஒரு வெண்கலக் கிண்ணம். அதன் விளிம்பை மரக்கட்டையால் மெல்லச் சுற்றித் தேய்க்கத் தேய்க்க ஒரு ரீங்காரம் எழுந்து, கட்டையை எடுத்த பிறகும் நீளும். சில இடங்களில் பெரிய காங் (தட்டு வடிவ உலோக மணி), சில இடங்களில் இசைக்கவை (தட்டினால் ஒரே சுரம் தரும் இரு கிளைக் கவை). இப்படி ஒலியையும் அதிர்வையும் கொண்டு உடலையும் மனத்தையும் தணிக்கும் முறைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர்தான் சவுண்ட் ஹீலிங். 'திபெத்தியப் பாடும் கிண்ணம்' என்ற பெயர் 1970களுக்குப் பிறகு மேற்கு நாடுகளில் பரவியது. இப்போது அதே கிண்ணத்தோடு வேதாகமத்தின் சங்கீதப் புத்தக வசனங்களை வாசித்து, கிறிஸ்தவ முறை என்று நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சவுண்ட் என்பது ஒலியைக் குறிக்கும் 'சோனுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஹீல் என்பது பழைய ஆங்கிலம். முழுமையாக்குதல் என்பது அதன் அடிப்பொருள். முழுமையைக் குறிக்கும் 'ஹோல்', புனிதத்தைக் குறிக்கும் 'ஹோலி' இரண்டும் அதே வேரில் முளைத்தவை. ஆகவே ஆங்கிலத்தில் ஹீலிங் என்றதுமே பக்தியின் சாயல் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

வேதாகமத்தில் இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டால் எல்லோரும் காட்டுவது 1 சாமுவேல் 16:23. இஸ்ரவேலின் அரசன் சவுலைப் பொல்லாத ஆவி பிடிக்கும்போதெல்லாம் தாவீது சுரமண்டலம் என்ற நரம்பு வாத்தியத்தை வாசிப்பான். அப்போது சவுல் "ஆறுதலடைந்து, சொஸ்தமாவான்" (நலமடைவான்) என்கிறது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. இங்கே இரண்டு சொற்கள் இருப்பதைக் கவனியுங்கள். ஆறுதல் என்ற இடத்தில் எபிரெய மூலத்தில் வரும் வினைக்கு 'இடம் விரிதல், மூச்சுவிட வழி கிடைத்தல்' என்று பொருள். நெருக்கத்தில் கிடந்த மனம் கொஞ்சம் அகலமாகிறது. எவ்வளவு சரியான விவரிப்பு! நல்ல இசை கேட்ட எவருக்கும் அது தெரியும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இரண்டே அதிகாரம் தள்ளிப் போனால், அதே தாவீது அதே சவுலுக்கு முன் வாசித்துக்கொண்டிருக்கும்போதுதான் சவுல் ஈட்டியை எறிகிறான். 19ஆம் அதிகாரத்தில் மறுபடியும். வாத்தியமும் அதுதான், கையும் அதுதான், ஆறுதல் மட்டும் வரவில்லை. 16:23ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, ஒலிக்கே குணமாக்கும் வல்லமை இருக்கிறது என்று சொல்கிறவர்கள் இந்தப் பகுதியையும் வாசிக்க வேண்டும்.

அப்புறம் 528 ஹெர்ட்ஸ். 'அற்புதம் செய்யும் அதிர்வெண், வேதத்திலேயே மறைந்திருக்கிறது' என்று சொல்லி யூடியூபில் மணிக்கணக்காக ஓடுகிறது. இந்தக் கணக்கைப் பரப்பியது ஜோசப் புலியோ, லெனார்ட் ஹோரோவிட்ஸ் என்ற இருவர் 1999ல் வெளியிட்ட புத்தகம். அவர்கள் காட்டும் இடம் வேதாகமத்தின் எண்ணாகமம் என்ற புத்தகம்; அதன் 7ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கோத்திரத் தலைவர்கள் பன்னிரண்டு நாள் காணிக்கை கொண்டுவருகிறார்கள். ஆளுக்கு ஆறு வசனம், ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருகிறது. தூபவர்க்கம் நிறைந்த பொன் கரண்டி 14ஆம் வசனத்தில் வருகிறது, அடுத்தவருக்கு 20ல், அதற்கடுத்தவருக்கு 26ல். ஒவ்வொரு வசன எண்ணின் இலக்கங்களையும் கூட்டினால் 5, 2, 8. அவ்வளவுதான் 528. மூலச் சுவடிகளில் வசன எண்களே கிடையாது. பிற்காலத்தில் சேர்த்தவை அவை. ஹெர்ட்ஸ் என்ற அலகோ 19ஆம் நூற்றாண்டு இயற்பியலாளர் ஒருவரின் பெயர். மோசேயின் காலத்துக் காணிக்கைப் பட்டியலுக்கும் ஒரு நொடியில் எத்தனை அதிர்வு என்ற கணக்குக்கும் எந்த உறவும் இல்லை.

528 போன்ற இந்த எண்களைச் சொல்ஃபெஜியோ என்றும் அழைக்கிறார்கள். அந்தப் பெயரின் வேர், 11ஆம் நூற்றாண்டுத் துறவி கீதோ தாரெத்சோ யோவான் ஸ்நானகனைப் போற்றும் லத்தீன் பாடலின் அடிகளிலிருந்து எடுத்த உத், ரே, மி, ஃபா, சோல், லா என்ற சுரப் பெயர்கள். பாடகர் குழுவுக்குச் சுரம் பழக்க அவர் கண்ட வழி அது. அவர் எந்த எண்ணையும் தரவில்லை.

திருச்சபைக்கு இசை அந்நியமில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் துறவி பிங்கன் ஹில்டகார்ட் மருத்துவமும் எழுதினார், பாடல்களும் இயற்றினார். நம்மிடையே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) சித்த மருத்துவர், கிறிஸ்தவர், 1917ல் வெளியான கருணாமிர்த சாகரம் என்ற இசை நூலின் ஆசிரியர். இன்றும் சபையில் நோயாளி வீட்டுக்குப் போனால் முதலில் ஒரு கீர்த்தனை, பிறகுதான் ஜெபம். படுத்திருப்பவர் உதட்டை மட்டுமாவது அசைப்பார். அதே சமயம் 'பிரபஞ்ச ஆற்றல்' என்ற கொள்கையோடு வரும் முறைகளைத் திருச்சபை எச்சரித்தும் இருக்கிறது. புதுயுகம் (நியூ ஏஜ்) என்ற ஆன்மிகப் போக்கைப் பற்றிய வத்திக்கான் ஆவணம் 2003ல் வந்தது. ஒரு கிறிஸ்தவர் கிண்ணத்தின் ஒலியைக் கேட்டு இளைப்பாறுவதில் தவறில்லை என்றே நான் நினைக்கிறேன். அந்த ஒலியிடம் ஜெபிக்கச் சொன்னால், மருந்தை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டும்.

மருத்துவச் சான்று இன்னும் சிறியது. அமெரிக்காவில் 62 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில் கிண்ண ஒலிக்குப் பின் பதற்றம் குறைந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. இசைச் சிகிச்சை வேறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காயமுற்ற வீரர்களிடையே வளர்ந்து, 1944 முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பாடமாகக் கற்பிக்கப்பட்ட துறை அது. பயிற்சி பெற்றவர் செய்வதால் அங்கே 'சிகிச்சை' பொருந்துகிறது.

சரி, சவுண்ட் ஹீலிங்குக்குத் தமிழ் என்ன? 'ஒலிச் சிகிச்சை' அதிகம் வாக்களிக்கிறது. கேட்பவர் நோய் தீரும் என்று நினைப்பார். 'ஒலிவழிச் சுகம்' கிறிஸ்தவர் காதில் சிக்கலாகும், ஏனென்றால் சுகமளித்தல் என்றால் அவர்களுக்கு அது கடவுளின் செயல். 'ஒலி ஆற்றுகை' அழகாக இருக்கிறது, ஆனால் ஈழத்தில் ஆற்றுகை என்றால் மேடை நிகழ்த்துதல். என் தேர்வு 'ஒலிவழி ஆறுதல்'. காயம் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, மனம் ஆறுகிறது. உடலுக்கும் உள்ளத்துக்கும் தமிழில் ஒரே வினை. சவுலைப் பற்றி மொழிபெயர்ப்பாளர்கள் முதலில் எழுதிய சொல்லும் இதுதான். அழைப்பிதழில் 'ஒலிவழி ஆறுதல் நேரம், மாலை 6 மணி' என்று போட்டால் வருகிறவருக்கு என்ன கிடைக்கும் என்பது தெளிவாகத் தெரியும்.