நீல மலைக்கு முன்னால் ஒரு சாக்ஸபோன்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மேற்கு ஓரத்தில் இருக்கும் பெர்க்‌ஷயர் மலைப்பக்கம், ஒரு சின்ன ஓவியக் கூடம். உள்ளூர்க்காரர் ஒருவர் வரைந்த மலைக் காட்சிகள் சுவர் முழுக்க மாட்டியிருக்கும், மூலையில் மூன்று பேர் ஜாஸ் வாசிப்பார்கள், நுழைவு இலவசம் என்றார்கள். கிளம்பிவிட்டேன். அந்தப் பக்கத்துக்கு ஜாஸ் ஒன்றும் புதிதல்ல. லெனாக்ஸ் என்ற சிற்றூரில் 1957 முதல் 1960 வரை கோடைதோறும் ஒரு ஜாஸ் பள்ளி நடந்தது. 1959-இல் ஆர்னெட் கோல்மன் என்ற சாக்ஸபோன் கலைஞர் அங்கே மாணவராக வந்து உட்கார்ந்திருக்கிறார்.

நான் போனபோது கூட்டம் இன்னும் சேரவில்லை. டிரம்ஸ் வாசிப்பவர் சும்மா ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். அந்தச் சத்தம் நாலு சுவரையும் சுற்றிவந்து, அடங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு குச்சிகளைப் பைக்குள் போட்டுவிட்டு கம்பி பிரஷ்ஷை எடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து அறுபது பேர் வந்து நின்றதும் அதே கூடத்தில் அதே டிரம்ஸ் கச்சிதமாகக் கேட்டது. ஒரு திரைச்சீலைகூடப் புதிதாக மாட்டவில்லை, ஆட்கள் வந்தார்கள், அவ்வளவுதான்.

வெற்றுச் சுவர் எதிரொலிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீடு காலி செய்யும்போது கட்டில், பீரோ, மெத்தை எல்லாம் லாரியில் ஏறிய பிறகு அந்த ஹாலில் நின்று பேசிப் பாருங்கள், உங்கள் குரலே யாரோ பேசுவது மாதிரி இருக்கும். ஆனால் அது எவ்வளவு நேரம் முழங்கும் என்று கணக்குப் போடும் வழி பிறந்ததே ஓர் ஓவிய அருங்காட்சியகத்தில்தான், அதுவும் இதே மாநிலத்தில். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஃபாக் கலை அருங்காட்சியகத்தைத் திறந்தபோது அதன் விரிவுரைக் கூடத்தில் யார் பேசினாலும் புரியவில்லை. சொன்ன சொல் அடங்க சுமார் 5.5 வினாடி ஆகும், அதற்குள் அடுத்த வாக்கியமே வந்து அதன் தலையில் ஏறிக்கொள்ளும். இதைச் சரிபண்ணச் சொல்லி வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரின் தலையில் கட்டினார்கள்.

அவர் செய்தது கொஞ்சம் திருட்டுவேலை மாதிரி இருக்கும். பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் உதவியாட்களோடு தூக்கிவந்து, சிலவற்றைக் கூடத்தில் பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஊதவிட்டு நிறுத்தி, ஒலி காதுக்கு எட்டாமல் போகும்வரை நேரத்தைக் குறித்துக்கொண்டு, இன்னும் சில மெத்தைகளைப் பரப்பி, மறுபடி ஊதவிட்டு, விடிவதற்குள் எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே கொண்டுபோய்ப் போடுவார். பகலில் தெருச் சத்தம், அதனால்தான் ராத்திரி. இப்படிப் பல இரவுகள் கண்விழித்ததில் கிடைத்த சூத்திரம் ஒரே வரி: அறையின் கன அளவை 0.16-ஆல் பெருக்கு, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகு (எல்லாம் மீட்டர் கணக்கில்). வருவதுதான் எதிர்முழக்க நேரம், அதாவது ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் வினாடிகள். உறிஞ்சும் பரப்புக்கு அவர் வைத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். ஜன்னல் வழியாக வெளியே போன ஒலி திரும்பி வராது இல்லையா, அதனால் அது முழு உறிஞ்சல்.

சரி, நம்ம கூடத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். அடி வைத்து அளந்ததில் ஏறக்குறைய 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். கன அளவு 320 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 304 சதுர மீட்டர். பெயின்ட் அடித்த பூச்சுச் சுவரும் சிமென்ட் தரையும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு நாலு பங்கைத்தான் விழுங்கும் என்று வைத்தால், மொத்தமும் 12 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். விடை 4.3 வினாடி. வேகமான ஜாஸில் நிமிடத்துக்கு 200 தட்டு, தட்டுக்கு இரண்டு ஸ்வரம் என்று ஓடும்போது இந்த 4.3 வினாடிக்குள் இருபத்தெட்டு ஸ்வரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குழைந்துவிடும், சாம்பார்தான். இப்போது 60 பேரை உள்ளே விடுங்கள். ஸ்வெட்டர் போட்ட ஓர் ஆள் சுமார் அரை சதுர மீட்டர் ஜன்னலுக்குச் சமம், ஆக 30 கூடுகிறது. 42-ஆல் வகுத்தால் 1.2 வினாடி. டிரம்ஸ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்த காரணம் இதுதான்.

மாட்டியிருந்த ஓவியங்கள் உறிஞ்சாதா என்று கேட்கலாம். துணிதானே! ஆனால் எண்ணெய் வண்ணம் பூசிக் காய்ந்த கேன்வாஸில் காற்று நுழையத் துளையே இருக்காது. துளையில்லாத துணி ஒலிக்குச் சுவர் மாதிரிதான், கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். சாக்ஸபோனுக்குப் பக்கத்திலேயே நின்றால் அது காதருகில் பேசுவதுபோல் இருந்தது. வாசிப்பவரின் மூச்சும், விரல் படும் சாவிகளின் டிக் டிக்கும்கூடக் கேட்டன. நாலு எட்டு பின்னால் வந்ததும் அதே சாக்ஸபோன் எங்கோ போய்விட்டது. சத்தம் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் தூரம் கூடிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாலும் தூரம் தெரிகிறதே, எப்படி? நேராக வரும் ஒலி, விலக விலக வலுவிழக்கும். சுவர்களில் பட்டுக் கலங்கி வரும் ஒலியோ அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு. ஏதோ ஓர் இடத்தில் இரண்டும் சமமாகும், அதைத் தாண்டினால் நீங்கள் கேட்பதில் பாதிக்கு மேல் அறைதான். நான் போட்ட கணக்குப்படி எல்லாப் பக்கமும் சமமாக ஒலிக்கும் ஒரு கருவிக்கு அந்த எல்லை, கூட்டம் இருந்தபோதே ஒரு மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. காலியாக இருந்தபோது அரை மீட்டர். சாக்ஸபோன் முன்பக்கமாகச் சற்று அதிகம் ஒலிக்கும், அதனால் எதிரே நிற்பவருக்கு இன்னும் கொஞ்ச தூரம் கிடைக்கும். நேர் ஒலியில் எவ்வளவு அறை கலந்திருக்கிறது என்ற விகிதத்தை வைத்துத்தான் மூளை தூரத்தை அளக்கிறது. எந்தத் திசை என்பதை மட்டும் முதலில் வந்து சேரும் அலையை வைத்து முடிவுசெய்துவிடும், பின்னால் வரும் பிரதிகளைத் திசைக்காகக் கண்டுகொள்ளாது.

இதை யோசித்துக்கொண்டே திரும்பினால் எதிரே ஓவியம். முன்னால் கரும்பச்சை மரங்கள், அடுத்து சாம்பல் கலந்த பச்சையில் ஒரு மேடு, அதன் பின்னால் நீலமாக ஒரு மலைத்தொடர். தட்டையான துணியில் இருபது கிலோமீட்டர்! மலையில் நீலம் இல்லை, அங்கேயும் அதே மரங்கள்தான். நீலம் இடையில் இருக்கும் காற்றுடையது. காற்றின் மூலக்கூறுகள் வெயிலைச் சிதறடிக்கின்றன. அலைநீளம் குறைந்த நீலம், சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல் சிதறும். அப்படிச் சிதறிய ஒளியில் ஒரு பங்கு, மலைக்கும் நமக்கும் நடுவில் திரைபோல் விழுந்து நம் கண்ணுக்குள் வருகிறது. தூசியே இல்லாத சுத்தமான காற்றில், இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு கரும்பாறை இருந்தால், அடிவானத்து ஒளியின் நீலப் பகுதியில் சுமார் 40 சதவீதம் அதன்மேல் படிந்துவிடும், சிவப்பில் 11 சதவீதம்தான். கறுப்பு நீலமாவது இப்படித்தான். பனிமலை என்றால் கதை மாறும்: அதிலிருந்து வரும் வெள்ளை ஒளியில் நீலம் வழியிலேயே சிதறிப்போவதால் அது லேசாக மஞ்சள் தட்டும்.

லியனார்டோ டா வின்சி இதைக் கவனித்து, ஐந்து மடங்கு தூரத்தில் இருப்பதை ஐந்து மடங்கு நீலமாகத் தீட்டு என்று எழுதி வைத்திருக்கிறார். பெரிய மேதைதான், ஆனால் இந்தப் பெருக்கல் கொஞ்ச தூரம் வரைக்கும்தான் செல்லும். நூறு கிலோமீட்டருக்குப் போனால் நீலம் 90 சதவீதத்தைத் தாண்டி நிரம்பிவிடும், அதற்கு மேல் ஏற இடமில்லை; சிவப்போ இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். இரண்டும் நிரம்ப நிரம்ப மலை வெளுத்து அடிவானத்தோடு கரைந்துவிடும். காற்றில் ஈரமும் தூசியும் இருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், ஏனென்றால் பெரிய துகள்கள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகவே சிதறடிக்கும். அந்தக் கூடத்தில் ஒரு படத்தில் ஓவியர் கடைசி மலையைத்தான் ஆகக் கடும் நீலத்தில் தீட்டியிருந்தார். அது பின்னால் போகாமல் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்றது. பக்கத்திலிருந்த சின்னப் படத்தில் கடைசி மேடு வானத்தைவிட ஒரு நூல் மட்டும் கருப்பு. விலை குறைவாகப் போட்டிருந்தார்கள், ஆனால் காற்று இருந்தது அதில்தான்.

எட்டு மணி வாக்கில் யாரோ விளக்குகளைக் குறைத்தார்கள், ஜாஸ் என்றால் இருட்டு வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. எண்ணெய் ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் சுமார் 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வைப்பது வழக்கம், இங்கே அதில் கால்வாசிகூட இல்லாமல் போனது. படத்தின் விலை எழுதிய அட்டையைப் படிக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு படத்திலிருந்த சிவப்புக் களஞ்சியம் கறுத்துப்போய், பின்னாலிருந்த நீல மலை வெளிச்சமாகத் தெரிய ஆரம்பித்தது. வெளிச்சம் நன்றாக இருக்கும்போது நம் கண் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்துப் பக்கம், அதாவது மஞ்சள் கலந்த பச்சை. மங்கலில் வேலை பார்க்கும் செல்கள் வேறு, அவற்றின் உச்சம் 507, நீலத்துக்கு நெருக்கம், சிவப்புக்கு அவை கிட்டத்தட்டக் குருடு. புர்கின்யே என்ற செக் நாட்டு உடலியல் அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கண்டு எழுதிவிட்டார். பாவம் ஓவியர், வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தள்ளிவைத்த மலையை ஒரு சுவிட்ச் முன்னால் இழுத்துவிட்டது.

ஒன்பதரைக்குக் கூட்டம் கலைந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு, ஆளுக்கு அரை சதுர மீட்டராக ஜன்னல்கள் வெளியே நடந்து போயின. டிரம்ஸ் உறைக்குள் போய்விட்டது. சாக்ஸபோன்காரர் மட்டும் பெட்டியில் வைப்பதற்கு முன் நடு அறைக்கு வந்து, ஒரே ஒரு ஸ்வரத்தை நீளமாக ஊதிவிட்டு நிறுத்தினார். நான் கதவருகில் நின்று மனசுக்குள் எண்ணினேன், ஒன்று, இரண்டு, மூன்று. நாலு என்று எண்ணும்போதுதான் ஒலி கேட்காமல் போனது.