தீபாவளி முதல் பொங்கல் வரை: ரேஷன் கடையில் எதை நம்பிக் கணக்குப் போடலாம்?

ஐப்பசி பிறந்தால் தை வரைக்கும் அடுப்படிச் செலவு ஏறுமுகம்தான். தீபாவளிப் பலகாரம், கார்த்திகைப் பொரி, மார்கழியில் அரையாண்டு லீவு, அப்புறம் பொங்கல். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்பு வரை கிடைக்கும் காலை உணவும், மதியச் சத்துணவும் பள்ளி நடக்கும் நாட்களுக்கு உரியவை. லீவு விட்டதும் அந்த இரண்டு வேளையும் வீட்டுக் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

இந்த மாதங்களில் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் கிடைப்பவை எல்லாம் ஒரே தரத்து உரிமைகள் அல்ல. சட்டப்படி கிடைப்பது ஒன்று. மாநில அரசு தன் பணத்தைப் போட்டு மாதாமாதம் தருவது இன்னொன்று. பண்டிகைக்கு மட்டும் அறிவிக்கப்படுவது மூன்றாவது. வீட்டு பட்ஜெட்டில் முதல் இரண்டை வைக்கலாம். மூன்றாவது வந்தால் வரவு, அவ்வளவுதான்.

உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை ஸ்மார்ட் கார்டின் முன்பக்கத்தில் இருக்கும் ஆங்கில எழுத்துகள் சொல்லிவிடும். 'பி.எச்.எச்.' என்றால் முன்னுரிமைக் குடும்பம். அதோடு 'ஏ.ஏ.ஒய்.' சேர்ந்திருந்தால் அந்தியோதயா, அதாவது மிக ஏழ்மையான குடும்பம். 'என்.பி.எச்.எச்.' என்றால் முன்னுரிமை இல்லாத குடும்பம், ஆனாலும் அரிசி உண்டு. கடைசியில் 'எஸ்' இருந்தால் சர்க்கரை அட்டை: அரிசி கிடையாது, மற்றவை உண்டு. 'என்.சி.' என்றால் எந்தப் பொருளும் கிடையாது, அடையாளத்துக்கு மட்டும்தான்.

அரிசியில் தொடங்குவோம். 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முன்னுரிமை அட்டையில் ஆளுக்கு மாதம் 5 கிலோ, அந்தியோதயா அட்டைக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ. இதைக் கொடுக்க முடியாமல் போனால் அதற்கு ஈடாக 'உணவுப் பாதுகாப்புப் படி' என்ற பணத்தைத் தரவேண்டும் என்று சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொல்கிறது. முன்னுரிமை இல்லாத அரிசி அட்டைகளுக்குக் கிடைப்பது இந்தச் சட்டத்தால் அல்ல, எல்லோருக்கும் ரேஷன் என்ற மாநிலக் கொள்கையால். அவர்களுக்கு ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்து 12 முதல் 20 கிலோ வரை. அட்டை எதுவானாலும் அரிசிக்குக் காசு இல்லை, 2011 ஜூன் முதல் அப்படித்தான். கோதுமை வேண்டுமென்றால், கடையில் இருப்பு இருந்தால், அரிசி அளவில் கழித்துக்கொண்டு வாங்கலாம். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 முதல் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வாங்கும் வழியும் உண்டு.

ஆனால் பண்டிகை மாதத்தில் கையைக் கடிப்பது பருப்பும் எண்ணெயும்தான். 2007-ல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டம் இங்கேதான் உதவுகிறது. அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், 1 லிட்டர் பாமாயில் 25 ரூபாய். சர்க்கரை ஆளுக்கு அரை கிலோ, அட்டைக்கு அதிகபட்சம் 2 கிலோ, கிலோ 25 ரூபாய். அந்தியோதயா அட்டைக்கு 13 ரூபாய் 50 காசு. நான்கு பேர் உள்ள சாதாரண அரிசி அட்டைக்கு இவை மூன்றும் சேர்ந்து 105 ரூபாய். வெளியே மளிகைக் கடையில் அந்தப் பணத்துக்குப் பருப்பு மட்டும்கூட ஒரு கிலோ தேறுமா என்பது சந்தேகம். பாமாயில் வாசம் பிடிக்காது என்று விட்டுவிடுகிற வீடுகள் இருக்கின்றன. அவர்களும் முறுக்கு சுடும் மாதத்திலாவது வாங்கிவைக்கலாம். முன்பு இதே திட்டத்தில் உளுந்தும் கிடைத்தது. அது நின்றுபோனதில் வடைக்கு வெளியில்தான் போகவேண்டியிருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள்: பருப்பும் பாமாயிலும் அந்த மத்தியச் சட்டத்தில் இல்லை. கொள்முதல் தாமதமானால் கடைக்கு வருவதும் தாமதமாகும். 2024 மே மாதம் அப்படித்தான் ஆனது; வாங்காதவர்கள் ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. அப்படி அறிவிப்பு வந்தால்தான் உண்டு. மற்றபடி இந்த மாதப் பொருளை இந்த மாதமே வாங்கிவிட வேண்டும், 'அடுத்த மாசம் சேர்த்துத் தாங்க' என்று கேட்டால் நடக்காது. பண்டிகை மாத இறுதியில் வந்தால்கூட மாதத் தொடக்கத்திலேயே போய் வாங்கிவிடுவது நல்லது.

லீவுக்குச் சொந்த ஊர் போகிறவர்கள் அங்கேயே வாங்க முடியுமா? 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' இங்கே வந்த பிறகு, தமிழ்நாட்டுக்குள் வேறு கடையிலும் விரல் ரேகை வைத்து வாங்கலாம். அட்டையில் பெயர் உள்ள யாராவது ஒருவர் போனால் போதும். ரேகை விழாத முதியவர், நடமாட முடியாதவர் என்றால் வேறொருவரை அனுப்புவதற்கான படிவத்தைக் கடையிலோ வட்ட வழங்கல் அலுவலகத்திலோ முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பண்டிகைக்கு முந்தைய நாள் வரிசையில் நின்றுகொண்டு இதைப் பேசித் தீர்க்க முடியாது.

இனி பொங்கல் பரிசு. இது எந்தச் சட்டத்திலும் எழுதப்படாதது, ஒவ்வொரு ஆண்டும் அரசாணை வந்தால்தான் உண்டு. 2021-ல் 2,500 ரூபாய் கொடுத்தார்கள். 2022-ல் ரொக்கம் இல்லை, 21 பொருள் கொண்ட தொகுப்பு. அதில் சில பொருள்களின் தரத்தைப் பற்றி ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. 2023-ல் 1,000 ரூபாயும் ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பும். 2025-ல் அரிசி, சர்க்கரை, கரும்பு மட்டும், பணம் கிடையாது. இப்படி ஏறி இறங்குவதை நம்பி யாரும் கடன் வாங்கக் கூடாது. வழக்கமாக அரிசி அட்டைக்காரர்களுக்கும் மறுவாழ்வு முகாம்களில் உள்ள இலங்கைத் தமிழர் குடும்பங்களுக்கும் தருவார்கள். டோக்கனில் தேதியும் நேரமும் இருக்கும். இதை மட்டும் உங்கள் பெயர் உள்ள கடையிலேயே வாங்கவேண்டும்.

2025 பொங்கலுக்குக் கூட்டுறவுத் துறை 199, 499, 999 ரூபாய்களில் மளிகைத் தொகுப்புகளும் விற்றது. அது இலவசம் அல்ல, விற்பனை. ரேஷன் வாங்க வந்தவர் இதையும் வாங்கியே தீரவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வேண்டாத சோப்பையும் டீத்தூளையும் தலையில் கட்டினால் மறுத்துவிடலாம்.

கடைக்கு நடையாய் நடப்பதைக் குறைக்க ஒரு வழி: அட்டையில் பதிந்த கைப்பேசியிலிருந்து ஆங்கில எழுத்தில் பிடிஎஸ், இடைவெளி விட்டு 101 என்று 9773904050-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் இருப்பு தெரியும், 102 போட்டால் கடை திறந்திருக்கிறதா என்பது தெரியும். வாங்காத பொருளுக்கு வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தாலோ, எடை குறைந்தாலோ 1967 அல்லது 1800 425 5901-ல் புகார் சொல்லலாம். வந்த குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள், எந்தத் தேதியில் பில் போட்டார்கள் என்று கேட்பார்கள்.