விழும் அரிசியைப் பார்க்கும் கண்

"எங்கள் வீட்டில் அரிசியில் கல் பொறுக்கிப் பல வருஷம் ஆகிறது. முறம் பரணில் கிடக்கிறது. செயற்கை நுண்ணறிவு வந்தால் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் ஆபத்து என்கிறார்களே, நெல், அரிசி மாதிரியான தொழில்களை அது தொடுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஏற்கெனவே தொட்டுவிட்டது. அந்த முறம் பரணுக்குப் போனதே அதன் முதல் கட்டம்தான்.

அரிசி மூட்டையில் 'சார்டெக்ஸ்' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1947-இல் லண்டனில் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பெயர் அது. விதை, பருப்பு, தானியங்களை நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரங்களைச் செய்தார்கள். இன்று எந்த நிறுவனம் செய்த இயந்திரமானாலும் நம் ஆலைக்காரர்களுக்கு அது சார்டெக்ஸ்தான், நகலெடுப்பதெல்லாம் ஜெராக்ஸ் ஆனதைப் போல. கலர் சார்ட்டர் என்றும் சொல்வார்கள்.

நெல் ஆலைக்குள் வந்ததும் நடப்பவை பெரும்பாலும் பள்ளிக்கூட அறிவியல்தான். சல்லடை தூசியையும் வைக்கோலையும் எடுத்துவிடும். அதிரும் சரிவான தட்டுக்கு அடியிலிருந்து காற்றை ஊதினால் இலேசான நெல் மிதந்து கீழே இறங்கும், கனமான கல் தட்டோடு ஒட்டி மேல்பக்கம் ஏறிப் பிரிந்துவிடும். ரப்பர் உருளைகள் உமியை உரிக்கும். அப்புறம் பாலிஷ். எல்லாமே எடை, அளவு, உராய்வு ஆகியவற்றின் வேலை.

சிக்கல் கருப்பு அரிசியில், அதாவது கெட்டு நிறம் மாறிய அரிசியில் இருக்கிறது. அதற்கும் நல்ல அரிசிக்கும் எடையும் அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். புடைத்தாலும் கொழித்தாலும் பிரியாது. கண்ணால் பார்த்து விரலால்தான் எடுக்க வேண்டும். ஓர் அரிசி ஏறத்தாழ 20 மில்லிகிராம். அப்படியென்றால் கிலோவுக்கு 50,000 அரிசி. மணிக்கு 5 டன் அரிசி ஓடும் ஆலையில் நொடிக்குச் சுமார் 70,000 அரிசியைப் பார்த்தாக வேண்டும். அத்தனை கண்களுக்கு எங்கே போவது?

இந்த இடத்தில் வரும் இயந்திரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அரிசி மேலேயிருந்து வழவழப்பான, செங்குத்தான சரிவுகளில் மெல்லிய திரைபோல வழுக்கி இறங்குகிறது. சரிவின் நீளம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அடிமுனையைத் தாண்டும்போது அரிசியின் வேகம் நொடிக்குச் சுமார் 4 மீட்டர். அங்கே முன்னும் பின்னும் கேமராக்கள் காத்திருக்கின்றன. நம் கைபேசிக் கேமராபோல இவை முழுப் படம் எடுப்பதில்லை. குறுக்காக ஒரே ஒரு கோட்டை மட்டும், நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை பார்க்கின்றன. அரிசி விழ விழ, கோட்டின் மேல் கோடாக அதன் உருவம் சேர்கிறது. படத்தின் ஒரு பரிமாணத்தைக் கேமரா தருகிறது, இன்னொன்றைப் புவியீர்ப்பு தருகிறது.

அரிசிக்குப் பின்னால் கேமராவின் கண்ணில் படுவது ஒரு பின்னணித் தகடு. அதன் வெளிச்சத்தை நல்ல அரிசியின் வெளிச்சத்துக்குச் சமமாக வைத்துவிடுவது இந்தத் தொழிலின் பழைய உத்தி. அப்போது நல்ல அரிசி விழுந்தாலும் சரி, எதுவுமே விழாவிட்டாலும் சரி, கேமராவுக்கு இரண்டும் ஒன்றுதான். வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்ததுபோல நல்ல அரிசி மறைந்துபோகிறது. பெரிய அரிசியா, சின்ன அரிசியா, இரண்டு ஒட்டி வருகின்றனவா என்ற கவலையே இல்லை. கருப்பு மட்டும் கருப்பாகத் தெரியும். நொடிக்கு 70,000 அரிசியைப் பார்க்க வேண்டிய வேலை, கண்ணில் படும் சில நூறை மட்டும் பிடிக்கும் வேலையாகச் சுருங்கிவிடுகிறது. கண்ணுக்கு அதிகம் காட்டாமல் குறைவாகக் காட்டிக் கெட்டதைப் பிடிக்கும் இந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

பிடித்ததை எடுப்பது எப்படி? கேமரா பார்க்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரிசையாகக் காற்றுத் துளைகள். இடைவெளி 4 சென்டிமீட்டர் என்று வைத்தால், அரிசி அங்கே வந்து சேர நூற்றில் ஒரு பங்கு நொடி. 6 மில்லிமீட்டர் நீளமுள்ள அரிசி துளையைக் கடக்க எடுக்கும் நேரம் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நொடி. சரியாக அந்தக் கணத்தில் வால்வு திறந்து மூட வேண்டும். அழுத்தக் காற்று 'டிக்' என்று ஒரு தட்டுத் தட்டும். கருப்பு அரிசி பாதை விலகிக் கழிவுப் பக்கம் விழும். ஆலைக்குள் நின்றால் இந்த ஒலிகள் ஓட்டின் மேல் விழும் மழைபோலக் கேட்கும். எல்லா அரிசியும் ஒரே வேகத்தில் வந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். சரிவில் தவிட்டுப் பிசுக்கு படிந்தால் சில அரிசி தாமதமாக வரும், காற்று வெறும் இடத்தைத் தட்டும். ஆகவே சரிவையும் கேமராக் கண்ணாடியையும் துடைத்து வைப்பது அங்கே தினப்படி வேலை.

சரி, செயற்கை நுண்ணறிவு இதில் எங்கே வருகிறது? பழைய இயந்திரம் ஓர் எண்ணை வைத்து வேலை செய்தது. இவ்வளவுக்கு மேல் இருட்டாக இருந்தால் ஊது, அவ்வளவுதான். நுனி மட்டும் கருத்த அரிசி, பழுப்புப் புள்ளி விழுந்தது, உமி உரியாத நெல், புல் விதை எல்லாம் அதற்கு ஒன்றுதான். புதிய இயந்திரங்களுக்கு இது நல்லது, இது புள்ளி விழுந்தது, இது நெல் என்று பெயரிட்ட ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்குகிறார்கள். அது நிறத்தோடு வடிவத்தையும் சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. ஆனால் அது யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை நிர்ணயிப்பது நாமல்ல, கீழே விழும் அரிசி. கேள்வியை எங்கோ உள்ள பெரிய கணினிக்கு அனுப்பிப் பதில் வாங்குவதற்குள் அரிசி மூட்டைக்குள் போயிருக்கும். அதனால் கேமராவுக்குப் பக்கத்திலேயே சின்ன, வேகமான கணினிச் சில்லில் (சிப்) எல்லாம் முடிய வேண்டும்.

பொருளாதாரமும் இந்தக் காற்றுத் தட்டலில்தான் இருக்கிறது. ஒவ்வொரு தட்டலிலும் பக்கத்து நல்ல அரிசி ஒன்றிரண்டு சேர்ந்து போகும். அதனால்தான் கழிவை மறுபடி ஓடவிட்டு நல்லதை மீட்கிறார்கள். அப்படியும் நூற்றுக்கு அரைப் பங்கு நல்ல அரிசி வீணானால் மணிக்கு 5 டன்னில் 25 கிலோ. 20 மணி நேரம் ஓடினால் அரை டன். உணவாக வேண்டியது மலிவு விலையில் தீவனத்துக்குப் போகிறது. அழுத்தக் காற்றுக்கும் மின்சாரம் வேண்டும். குறைவாக, குறி தவறாமல் தட்டும் இயந்திரம் தன் விலையைத் தானே சம்பாதிக்கும் என்பதால்தான் பெரிய ஆலைகள் வாங்குகின்றன. சின்ன ஆலைகள் கூலி கொடுத்து வெளியே சார்டெக்ஸ் போட்டுக்கொள்கின்றன, அல்லது மூடுகின்றன. குனிந்து உட்கார்ந்து அரிசி பொறுக்கிய பெண்களின் கூலி நின்றுபோனது. கண்ணும் முதுகும் நோகும் அந்த வேலை போனதற்கு நான் வருந்தவில்லை. அதைச் செய்தவர்களுக்கு வேறு வேலை பழக்காமல் விட்டதற்கு வருந்துகிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ரேஷன் அரிசியில் 'பிளாஸ்டிக் அரிசி' என்று அடிக்கடி வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் அச்சு வார்த்து, நூறு பங்குக்கு ஒரு பங்கு கலப்பார்கள். நிறமும் பளபளப்பும் சற்று வேறாகத்தான் இருக்கும். சார்டெக்ஸுக்கு முன்னால் கலந்தால் அதுவும் நம்மைப்போலவே சந்தேகப்பட்டு வெளியே தள்ளக்கூடும் என்பதால், கடைசியில் கலப்பதே முறை. ரத்தசோகை உள்ள வீட்டில் இந்த வதந்தியை நம்பி அந்த அரிசியைப் பொறுக்கி எறிவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

அரிசி ஏன் கருக்கிறது என்று யாராவது கேட்கிறோமா? பூச்சியும் நோயும் ஒரு காரணம். காவிரி டெல்டாவில் இன்னொரு பெரிய காரணம் ஈரம். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்கிறது. கொள்முதல் நிலையத்தின் வாசலில் நெல் குவியல் நனைந்து, உள்ளே சூடேறி, பூஞ்சை பிடித்து நிறம் மாறுகிறது. ஆலையில் நாம் தட்டி எறிவது அந்த நாட்களின் தடத்தைத்தான். இதை ஆராய டெல்டாவிலேயே இரண்டு இடங்கள் உள்ளன. திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆய்வுக்கூடமாகத் தொடங்கி இன்று தஞ்சாவூரில் தேசிய நிறுவனமாக வளர்ந்திருப்பது ஒன்று, ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இன்னொன்று. சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகளுக்குப் பணம் ஒதுக்குவதைப் பேசும் நாம், கொள்முதல் நிலையத்துக்கு ஒரு கூரை, ஓர் உலர்த்தி, இந்த இரண்டு இடங்களுக்கும் போதிய ஆய்வு நிதி என்பதையும் அதே மூச்சில் பேச வேண்டும்.

அந்த நிதியில் முதலில் என்ன செய்யலாம் என்று கேட்டால் என்னிடம் ஒரு பதில் உண்டு. சார்டெக்ஸ் இயந்திரம் எத்தனை தடவை தட்டியது என்பதை எண்ண முடியும். புதிய இயந்திரத்துக்கு எதற்காகத் தட்டியது என்பதும் தெரியும். ஒவ்வொரு லோடு நெல்லும் எந்தக் கொள்முதல் நிலையத்திலிருந்து, எந்தத் தேதியில் வந்தது என்பது ஆலையின் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் எந்த ஊரில், எந்த வாரத்தில் நெல் நனைந்தது என்று அரிசியே சொல்லும், அடுத்த ஆண்டு உலர்த்தியை எங்கே முதலில் வைப்பது என்பதும் சேர்ந்தே தெரியும்.