கிராப்: கதிரில் தொடங்கி ஒளிப்படம் வரை

"கிராப்" என்ற சொல் போனுக்கு வருவதற்கு முன்பே நம் ஊர் முடிதிருத்தும் கடைக்கு வந்துவிட்டது. குடுமியை எடுத்துவிட்டு முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டால் "கிராப்பு வைத்திருக்கிறார்" என்பார்கள். இன்று போனில் படத்தின் ஓரத்தை நீக்கும்போது நாம் சொல்லும் கிராப்பும் அதே சொல்தான்.

பழைய ஆங்கிலத்தில் இதற்குச் செடியின் தலைப்பகுதி, கதிர் என்று பொருள். கதிரை அறுக்கும் வேலைக்கும் அறுத்து வந்த விளைச்சலுக்கும் அதுவே பெயராயிற்று, அப்புறம் முடி, குதிரையின் வால், படத்தின் விளிம்பு என்று நுனி கழித்துக் குறுக்கப்படும் எல்லாவற்றுக்கும் பரவியது. தமிழில் "கொய்" என்ற வினையும் இதே வழியில் போயிருக்கிறது: தினை கொய்வார்கள், பூக்கொய்வார்கள், அகநானூற்றில் பிடரிமயிர் கத்தரித்த குதிரைக்குக் "கொய்சுவற் புரவி" என்று பெயர். பொருளளவில் கிராப்புக்கு இவ்வளவு நெருக்கமான சொல் வேறு இல்லை.

ஆனால் "படத்தைக் கொய்" என்று இன்று யாரும் சொல்லப் போவதில்லை. தமிழ் இடைமுகம் உள்ள மென்பொருள்கள் பலவற்றில் "செதுக்கு" என்றுதான் இருக்கிறது, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. சிலை மட்டுமா, புல்லையும்தான் செதுக்குகிறோம்; வேண்டாததை எடுத்து வேண்டியதை நிறுத்தும் வேலை அது. "வெட்டு" ஒத்துவராது, அது வெட்டி ஒட்டுவதற்குப் போய்விட்டது.

நிலக்காட்சிப் படங்களில் செதுக்கலையும் காட்சியமைப்பையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். முன்னால் நிற்கும் பனைக்கும் பின்னால் உள்ள மலைக்கும் இடையிலான அளவு உறவு, நீங்கள் எங்கே நின்று எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. எப்படிச் செதுக்கினாலும் அது மாறாது, மாற வேண்டுமென்றால் நடக்கத்தான் வேண்டும். செதுக்கல் மாற்றுவது எல்லையை மட்டும்.

அந்த எல்லை எவ்வளவு முக்கியம் என்பதைத் தனுஷ்கோடியில் நன்றாகப் பார்க்கலாம். அரிச்சல்முனைச் சாலையில் இரண்டு பக்கமும் கடல், தட்டையான மணல், மேலே பெரும்பாலும் வெறும் வானம். கேமரா தரும் 3:2 (அகலம்:உயரம்) படத்தில் விஷயமெல்லாம் நடுவில் ஒரு மெல்லிய பட்டையாகக் கிடக்கும், அதனால் மேலும் கீழும் எடுத்து 16:9 ஆக்கினால் அந்த இடத்தின் நீளம் உடனே கண்ணுக்கு வந்துவிடும். 6000க்கு 4000 பிக்சல் படம் 6000க்கு 3375 ஆகும், அதாவது 24 மெகாபிக்சலில் 20 கையில் நிற்கும், பெரிய இழப்பில்லை. அதே படத்தை இன்ஸ்டாகிராமுக்காக 4:5 நெடுக்குப்படமாகச் செதுக்கினால் மிஞ்சுவது 3200க்கு 4000, கிட்டத்தட்ட பாதி அகலம் காலி. அகலம்தான் தனுஷ்கோடி, அதை எறிந்துவிட்டால் எந்தக் கடற்கரையாகவும் இருக்கலாம். நெடுக்குப்படம் வேண்டுமென்றால் அங்கேயே கேமராவைத் திருப்பிப் பிடித்து, ஒரு படகையோ இடிந்த தேவாலயச் சுவரையோ முன்னால் வைத்து எடுங்கள்.

தொடுவானம் சாய்ந்திருந்தால் நேராக்குவதும் செதுக்கல்தான். படம் சுழலும்போது நான்கு மூலையும் கொஞ்சம் போகும், ஆகவே எடுக்கும்போதே ஓரத்தில் இடம் விடுவது நல்லது.

வெறும் வானம் என்றாலே வெட்டிவிட வேண்டும் என்றும் இல்லை. படத்தை மூன்றாகப் பிரித்து அமைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதியை ஆங்கில ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித் 1797இல் ஓவியத்துக்காக எழுதினார், இன்று எல்லா போனிலும் அது கட்டக்கோடாக இருக்கிறது. ஆனால் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸில் எடுத்த நிலவுப் படத்தில் பாதிக்கு மேல் வானம்தான், பிற்காலப் பிரதிகளில் அதை ஏறக்குறையக் கறுப்பாகவே அச்சிட்டார். அந்த வானத்தைக் குறைத்தால் கீழே இருக்கும் சிற்றூரும் கல்லறைச் சிலுவைகளும் அவ்வளவு சின்னதாக, தனியாகத் தெரியாது.

கடைசியாக, "கிராப் சென்சார்". சென்சார், அதாவது உணரி என்பது கேமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் சில்லு. கிராப் சென்சாரைச் "செதுக்கிய உணரி" என்று எழுதுவது தவறு, அங்கே யாரும் எதையும் செதுக்கவில்லை. 36க்கு 24 மில்லிமீட்டர் உணரிக்குப் பதிலாக ஏறத்தாழ 23.5க்கு 15.6 அளவில் ஒன்று இருக்கிறது, லென்ஸ் தரும் காட்சியின் நடுப்பகுதி மட்டும் அதில் விழுகிறது. "சிறு உணரி" என்றால் போதும், 36ஐ 23.5ஆல் வகுத்தால் வரும் ஏறத்தாழ 1.5 என்ற எண்ணை ("கிராப் ஃபேக்டர்") "உணரி அளவு விகிதம்" எனலாம்.