பெயர் தெரியாத மரத்தில் ஒரு வில்

போன ஐப்பசியில் காற்றும் மழையுமாக அடித்த ஒரு ராத்திரி, பள்ளிகொண்டா பக்கம் சித்தப்பா நிலத்து வரப்பில் நின்ற ஒரு மரம் சாய்ந்துவிட்டது. உசிலு என்றார் சித்தப்பா. டீக்கடைக்காரர் வெள்வேலம் என்றார். விறகுக்கு வெட்ட வந்தவரோ ரெண்டும் இல்லை, வாகையிலேயே இது ஒரு காட்டு ஜாதி என்று அடித்துச் சொன்னார். நான் போய்ச் சேர்வதற்குள் இலையை ஆடுகள் மேய்ந்துவிட்டன, பூவோ காயோ கிடையாது, மரத்தின் பெயர் அதோடு போயிற்று. கணுவே இல்லாமல் ஆறடிக்கு நேராக ஓடிய ஒரு கிளை மட்டும் கண்ணில் பட்டது. கையால் ஒரு வில் செய்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. விறகுக் குவியலிலிருந்து அதை உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

வில்லுக்கு எந்த மரம் என்று தேடினால் குளிர்நாட்டு மரங்களாகவே வந்து நிற்கும். 1991-ல் ஆல்ப்ஸ் பனிக்குள் கிடைத்த ஓட்ஸி என்கிற ஐயாயிரம் வருடத்து மனிதன் பக்கத்தில் பாதி செதுக்கிய வில் ஒன்று இருந்தது, சுமார் 1.8 மீட்டர் நீளம், யூ மரம். 1545-ல் மூழ்கி 1982-ல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்கிற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் 130-க்கும் மேல் முழு விற்கள், அதுவும் யூ. டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பில் எடுத்தவை எல்ம், சுமார் 9000 வருடப் பழசு. சரி, வேலூரில் யூவுக்கு எங்கே போவது? ஆனால் நம் பக்கத்தில் வில் இல்லாமல் இல்லை. பழைய வடஆர்க்காடு மாவட்டத்துச் செங்கம் பகுதி நடுகற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கையில் வில்லோடு நிற்கும் வீரன் அதில் சாதாரணம். மாடு மீட்கச் செத்தவன் பெயரைச் செதுக்கியவர்கள் வில்லின் மரத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சிலை என்ற சொல்லுக்கு வில் என்றும், வில் செய்யும் ஒரு மரம் என்றும் பழைய பொருள் உண்டு.

மரத்தின் பெயர் தெரியாவிட்டாலும் வில் செய்யலாம். அது எவ்வளவு இழுபடும், எவ்வளவு நசுங்கும் என்று அந்த மரத்தையே கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அதற்கு முன்னால், வளைக்கும்போது மரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய தோல் ஷூ ஒன்றை எடுத்துப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் மேல்தோல் சுருக்கம் சுருக்கமாக இருக்கும், நேர் கீழே அடிப்பாகம் குறுக்கே கீறல் விட்டிருக்கும். ஒரே மடிப்புதான், ஆனால் உள்வளைவுப் பக்கம் நசுங்குகிறது, வெளிவளைவுப் பக்கம் இழுபடுகிறது. வில்லும் அப்படியே. இலக்கைப் பார்க்கும் வெளிப்பக்கம் இழுபடும், நம் மூக்கைப் பார்க்கும் உட்பக்கம் நசுங்கும், நடுவில் ஒரு அடுக்கு நீளாமலும் குறுகாமலும் சும்மா இருக்கும். நடுவிலிருந்து தள்ளிப் போகப் போகப் பாரம் கூடும், மேற்பரப்பில்தான் உச்சம்.

குறையில்லாத காய்ந்த மரம் நீளவாக்கில் நசுக்குவதைவிட இழுப்பதை ஏறக்குறைய இரண்டு மடங்கு தாங்கும். அதனால் நியாயப்படி முதலில் தோற்க வேண்டியது உட்பக்கம். அது தோற்கும்போது சத்தம் போடாது. நார்கள் கொஞ்சம் கொஞ்சமாக நொறுங்கிப்போய், நாணை அவிழ்த்த பிறகும் வில் கூன் போட்டுக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். வெளிப்பக்கம் தோற்றால் கதை வேறு. ஒரே வெடி, வில் இரண்டு துண்டு. இழுப்பைத் தாங்கும் பக்கம் ஏன் உடைய வேண்டும் என்றால், முக்கால்வாசி நேரம் நாம் அங்கே நாரை அறுத்திருப்போம். அறுந்த நார் எதையும் இழுத்துப் பிடிக்காது.

குளிர்நாட்டுக்காரர்கள் இதற்கு ஒரே ஆண்டு வளையத்தை விடாமல் பின்தொடர்ந்து வெளிப்பக்கத்தைச் செதுக்குவார்கள். நம் ஊர் மரங்கள் பலவற்றில் வளையம் தெளிவாக இருக்காது. அதனால் நான் எடுத்தது சுலபமான வழி: கிளையை ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடித்து நெடுக இரண்டாகப் பிளந்தேன். ரம்பம் தன் கோட்டில் போகும், பிளவு நார் ஓடும் வழியில் போகும். ஈரமாக இருக்கும்போதே பட்டையை மூங்கில் சிம்பால் உரித்தேன், கத்தி படவில்லை. பட்டைக்கு அடியில் கிடைக்கும் வழவழப்பான பரப்பில் ஒரு நார்கூட அறுந்திருக்காது. அதுதான் வெளிப்பக்கம்.

அப்புறம் காயவைத்தல். நார்களின் முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறும், முனைகள் முதலில் சுருங்கி வெடிக்கும், அதனால் இரண்டு முனையிலும் ஃபெவிகால் தடவிவிட்டு, வெயில் படாத மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். வாரம் ஒரு தடவை எடை. ஒரு பாதி 2.7 கிலோவில் ஆரம்பித்து மாசி பிறக்கும்போது 2 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுவிட்டது. எடை நின்றுவிட்டால் மரம் சுற்றியுள்ள காற்றோடு சமரசத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம், முழுக்கக் காய்ந்துவிட்டது என்றில்லை. மழைக்காலக் காற்றில் மரத்தில் 15 சதவீதத்தை ஒட்டி ஈரம் நிற்கும், அந்த நிலையில் வளைத்தால் மந்தமாக வளையும், சீக்கிரம் கூன் விழும். நம் ஊர்க் கத்திரியில் அது நன்றாகவே இறங்கிவிடும், ரொம்பக் காய்ந்தால் அப்பளம் மாதிரி. வில் செய்கிறவர்கள் விரும்புவது 8 முதல் 10. வேலூரில் அதற்குத் தோதான காலம் மாசி, பங்குனி ஆரம்பம்.

இனி மரத்தை விசாரிப்பது. முதல் கேள்வி அடர்த்தி. ஓரத்தில் சீவிய துண்டிலிருந்து சரியாக 20 செ.மீ. நீளத்துக்கு ஒரு சீரான குச்சி எடுத்து, கழுத்தை வெட்டிய தண்ணீர் பாட்டிலில் செங்குத்தாக மிதக்க விட்டேன். பாட்டில் குறுகலாக இருந்தால் குச்சி சாயாது. எவ்வளவு மூழ்குகிறதோ அந்தப் பங்குதான் அடர்த்தி. தண்ணீர் ஊறுவதற்குள் சட்டென்று பென்சிலால் கோடு போட்டு அளந்தால் 15.6 செ.மீ. மூழ்கியிருந்தது. 20-ல் 15.6 என்றால் 0.78. தராசு வேண்டாம், கணக்கும் ஒரே வகுத்தல்.

இரண்டாவது கேள்விக்கு வீட்டிலிருந்த பிரியாணி அண்டாவைக் கவிழ்த்தேன். வாய் அகலம் 60 செ.மீ. ஒரு மெல்லிய பட்டையை வட்டத்தின் மேல் படிய வளைத்தால் அதன் மேற்பரப்பு எவ்வளவு இழுபடுகிறது என்பது, பட்டையின் தடிமனை வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் வரும். 5 மி.மீ. பட்டைக்கு 5 கீழ் 600, சுமார் 0.8 சதவீதம். முழுக்க இழுத்த மரவில்லின் மேற்பரப்பு படும் பாடும் ஏறக்குறைய அவ்வளவே. 4, 5, 6 மி.மீ. என்று மூன்று பட்டை சீவி, ஒவ்வொன்றாக அண்டாவின் விளிம்பை ஒட்டி வளைத்து, பத்து எண்ணிவிட்டு விட்டேன். நாலு திரும்ப நேராகிவிட்டது. ஐந்தில் லேசான வளைவு தங்கியது. ஆறு, படிவதற்குக் கொஞ்சம் முன்னால் முனகிக்கொண்டே உடைந்தது, ஆனால் கேரட் மாதிரி மடக்கென்று இல்லை, அரை அடிக்கு நீள நீளச் சிலாம்பாகப் பிரிந்து. பார்த்துக்கொண்டிருந்த ஆசாரி அண்ணன் அந்தச் சிலாம்பைக் கையில் வாங்கினார்.

“இன்னா மரம்பா இது?”

“தெரியலண்ணே.”

“தெரியாட்டி போவுது. நாரு விட்டுக்குடுக்கல பாரு. கோடாலிக் காம்பு போட்டா சாவாது.”

குட்டையாக, பிசிறில்லாமல் உடையும் மரம் வில்லுக்கு ஆகாது. இது ஆகும். அடர்த்தியும் 0.78 என்பதால் ஒன்றரை அங்குல அகலம் போதும். இதுவே 0.5 மரமாக இருந்தால் இரண்டரை அங்குலம் வரை அகலப்படுத்தித் தட்டையாக்கியிருப்பேன், ஏனென்றால் லேசான மரத்தில் ஒவ்வொரு நாரும் தாங்குவது குறைவு, ஆள் எண்ணிக்கையைக் கூட்டத்தான் வேண்டும். தடிமனைக் கூட்டி அதைச் சரிக்கட்ட முடியாது. தடிமன் கூடினால் அதே வளைவில் மேற்பரப்பு இன்னும் அதிகமாக இழுபடும்.

தடிமன் செய்யும் சேட்டை இதோடு நிற்கவில்லை. அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதியாகும். தடிமனைப் பாதியாக்கினால் எட்டில் ஒன்றாகிவிடும், அது மும்மடிக் கணக்கு. ஆசாரி பாஷையில் சொன்னால், நாலு நூல் தடிமன் உள்ள இடத்தில் ஒரு நூல் சீவி மூன்று நூல் ஆக்கினால் (எட்டு நூல் ஒரு அங்குலம்) விறைப்பு 64-ல் 27 ஆகிவிடும், பாதிக்கும் கீழே.

முதல் வில்லை நான் கெடுத்தது இழைப்புளியால்தான், ஆனால் தடிமனில் இல்லை. வெளிப்பக்கத்தில் ஒரு சின்னப் புடைப்பு இருந்தது, பார்க்க நன்றாக இல்லையே என்று அதைச் சமமாக இழைத்துவிட்டேன். இவ்வளவு நேரம் நாரை அறுக்காதே என்று எழுதியவன்தான். 20 அங்குலம் இழுத்தபோது சரியாக அந்த இடத்தில் ஒரு சிலாம்பு எழுந்தது, அடுத்த கணம் வில்லின் மேல்கை (கைப்பிடிக்கு மேலே வளையும் பாதி) பிய்ந்து மாடிச் சுவரில் அடித்தது. நல்லவேளை கயிறு கட்டித் தள்ளி நின்று இழுத்தேன்.

இரண்டாவது பாதியில் அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை. ஐந்தரை அடி நீளம், நடுவில் கைப்பிடி மட்டும் தடியாக, கைகள் முனையை நோக்கி ஒடுங்கி. சுவரில் ஒரு முளையில் வில்லை வைத்து, நாணைக் கொக்கியில் மாட்டி, கிணற்றுக் கப்பி வழியாகக் கயிற்றைத் தள்ளி நின்று இழுத்தால், எதிரே சுவரில் போட்ட சாக்பீஸ் கோடுகளின் மேல் இரண்டு கையும் ஒரே மாதிரி வளைகிறதா என்று தெரியும். வில் வேலையில் முக்கால் பங்கு இங்கேதான் போகிறது. வளையாத இடத்தில்தான் சீவ வேண்டும், அதிகம் வளையும் இடத்தை விட்டுவிட வேண்டும், ஆனால் கை என்னவோ வளையும் இடத்துக்கே போகும். ஓரிடம் மட்டும் கீல் மாதிரி மடிந்தால் மொத்தப் பாரமும் அந்த நாலு விரற்கடை மரத்தின் தலையில் விழும், அண்டாக் கணக்கு அங்கே எகிறிவிடும். கண்ணை நம்பாமல் நான் செய்தது: ஒரு சாண் நேரான கட்டையின் நடுவில் துளை போட்டுப் பென்சிலைச் செருகி, முனை கட்டையைவிட ஒரு மயிரிழை வெளியே நீட்டி இருக்கும்படி வைத்து, வளைந்த வில்லின் உட்பக்கத்தில் தேய்த்துக்கொண்டே போனேன். வில் குழிந்து வளைந்திருக்கும் இடத்தில் பென்சில் படாது. நேராகவே நிற்கும் சோம்பேறி இடத்தில் கோடு விழும். கோட்டை அரத்தால் தேய்த்து அழி, முப்பது தடவை இழுத்து விடு, மறுபடி கட்டையை ஓட்டு. நாலு சாயங்காலம் இதிலேயே போயிற்று.

நாண் செருப்பு தைக்கும் பாலியஸ்டர் நூலில் பதினாறு இழை, மெழுகு பூசியது. பூட்டினால் கைப்பிடிக்கும் நாணுக்கும் நடுவே 15 செ.மீ. அங்கிருந்து 65 செ.மீ. வரை இழுக்கும்போது கொக்கித் தராசு 15 கிலோ காட்டியது. விசை கிட்டத்தட்ட நேர்கோட்டில் ஏறுவதால் சேர்ந்த ஆற்றல் ஒரு முக்கோணத்தின் பரப்பு: 147 நியூட்டன், அரை மீட்டர், பாதி, ஆக 37 ஜூல் மாதிரி. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மாடி உயரத்துக்குத் தூக்கும் வேலை. பெரிய விஷயமில்லை. ஆனால் நாம் ஒன்றிரண்டு வினாடி எடுத்து மெதுவாகச் செய்த வேலையை, வில் ஒரு வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரத்தில் திருப்பித் தருகிறது. கையால் எறிந்தால் அம்பு அந்த வேகத்தில் போகாததன் காரணம் இதுதான். 28 கிராம் அம்பு வினாடிக்கு 40 மீட்டரில் போனால் அதில் 22 ஜூல். மீதி வில்லின் கைகளையே நகர்த்தவும் அதிரவைக்கவும் போய்விடும். அதிலும் முனைதான் அதிக வேகத்தில் ஓடுகிறது, அதனால் முனையை எவ்வளவு ஒல்லியாக்குகிறோமோ அவ்வளவு லாபம். அம்பே இல்லாமல் வெறும் நாணை இழுத்து விட்டால் அந்த 37-ம் மரத்துக்கே திரும்பி வரும். பக்கத்து வீட்டுப் பையன் கையில் வில்லைக் கொடுத்தபோது முதலில் சொன்னது அதைத்தான், அவன் முதலில் செய்ததும் அதைத்தான். உடையவில்லை.

மரத்துக்காக ஜவ்வாது மலைப் பக்கம் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். செம்மரமும் சந்தனமும் கடத்திக் கடத்திச் சந்தேகம் ஊறிய வட்டாரம், நீங்கள் தோளில் ஆறடிக் கட்டையோடு காட்டைவிட்டு வெளியே வந்து வில் ஆராய்ச்சி என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. வரப்பு, வேலி, காற்றில் விழுந்தது, இதுவே ஏராளம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது என்று நாண் பூட்டியபடியே மொட்டை மாடியில் வைத்துவிட்டுப் போய், இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. பாரத்தோடு வெயிலில் கிடக்கும் மரம் அந்த வளைவுக்கே மெல்லப் பழகிவிடும். நாணை இறக்கித் தரையில் வைத்து அளந்தால் இப்போது 4 செ.மீ. கூன், அதில் பாதி அந்த ஞாயிற்றுக்கிழமையுடையது. 15 கிலோ 14 ஆகிவிட்டது.