மொக்கைப் படம் பார்க்கும் மூளை

1953-ல் பில் டக்கர் என்ற அமெரிக்க இயக்குநருக்கு வேற்றுக்கிரக ரோபோ ஒன்று தேவைப்பட்டது. ரோபோ உடை செய்யக் காசில்லை. ஜார்ஜ் பேரோஸ் என்ற நடிகரிடம் சொந்தமாக ஒரு கொரில்லா உடை இருந்தது. சரி, அதையே போட்டுக்கொண்டு வா என்று சொல்லி, தலையில் மட்டும் கடலுக்குள் இறங்குகிறவர்கள் மாட்டுவது மாதிரி ஒரு கவசத்தையும் மேலே ஆன்டெனாவையும் வைத்துவிட்டார். மனித குலத்தையே கிட்டத்தட்ட அழித்துவிட்ட அந்த ரோபோவின் தலைமையகம் ஒரு குகை. அங்கே இருக்கும் மர்மக் கருவி என்ன தெரியுமா? சோப்புக் குமிழி விடும் இயந்திரம். டைட்டிலில் அதற்குத் தனியாகப் பெயர்கூடப் போட்டிருக்கிறார்கள். நான்கே நாளில் எடுத்து முடித்த அந்த 'ரோபோ மான்ஸ்டர்' படத்தை 70 வருடம் தாண்டியும் ஆட்கள் தேடிப் பிடித்துப் பார்க்கிறார்கள். அதே வருடம் ஒழுங்காக எடுத்து, ஒழுங்காக ஓடி, ஒழுங்காக மறக்கப்பட்ட படங்கள் எத்தனையோ.

எனக்கும் இந்த வியாதி உண்டு. நல்ல படம் ஒன்று பாதியில் நிற்க, ராட்சத நண்டு ராணுவத்தை விரட்டும் படத்தை இரவு ஒரு மணிக்கு முழுதாகப் பார்த்து முடித்திருக்கிறேன். ரசனைக் கோளாறு என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் கண், மூளை, சிரிப்பு பற்றிய சில ஆராய்ச்சிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தக் கோளாறு எப்படி வேலை செய்கிறது என்பது ஓரளவு பிடிபடுகிறது.

முதலில் ஒரு வினோதம். நல்ல படங்களிலும் தப்புகள் நிறைய உண்டு. நமக்குத்தான் தெரிவதில்லை. டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1997-ல் இதைச் சோதித்தார்கள். இரண்டு பெண்கள் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் ஒரு குட்டிப் படத்தை எடுத்தார்கள். ஒவ்வொரு முறை ஷாட் மாறும்போதும் வேண்டுமென்றே ஏதாவது ஒன்றை மாற்றினார்கள். கழுத்தில் கிடந்த துணி காணாமல் போகும், சிவப்புத் தட்டு வெள்ளையாகும். இப்படி ஒன்பது மாற்றங்கள். பார்த்த பத்துப் பேரில் ஒரே ஒருவருக்குத்தான் ஏதோ மாறியதாகத் தோன்றியது. அப்புறம் ஒரு படி மேலே போனார்கள். ஒரு ஆள் மேசையை விட்டு எழுந்து போகிறார்; ஷாட் மாறுகிறது; போனை எடுப்பது வேறு ஆள், வேறு சட்டை. மூன்றில் இரண்டு பங்குப் பேர் கவனிக்கவே இல்லை.

கண் பழுது என்று இதற்கு அர்த்தமில்லை. கதையைப் பின்தொடரும்போது மூளை 'அவர் போனை எடுக்கப் போகிறார்' என்பதைத்தான் பிடித்துவைக்கிறது, சட்டையின் நிறத்தை அல்ல. யார், எதற்காக, அடுத்து என்ன என்ற கேள்விகளிலேயே கவனம் செலவாகிவிடுகிறது. மிச்சமில்லை.

இப்போது மோசமான படத்துக்கு வருவோம். யார், எதற்காக, அடுத்து என்ன என்ற மூன்றில் எதற்குமே அங்கே உருப்படியான பதில் கிடையாது. விஞ்ஞானி என்று அறிமுகமாகிறவர் இரண்டு நிமிடத்தில் இயந்திரத் துப்பாக்கியோடு ஓடுகிறார். ஏன் என்று கேட்டால் படத்துக்கே தெரியாது. அந்த நொடியில் நம் கவனத்துக்கு வேலை போய்விடுகிறது. வேலையில்லாத கவனம் சும்மா இருக்குமா? சுவர் ஏன் ஆடுகிறது, விண்கலத்துக்குப் பின்னால் தெரிவது கயிறா என்று துப்பறியக் கிளம்பிவிடுகிறது. நல்ல படத்தில் நாம் விருந்தாளி, மொக்கைப் படத்தில் தணிக்கையாளர். தணிக்கையாளருக்கு ஒரு சுகம் உண்டு: நிமிடத்துக்கு ஒரு கண்டுபிடிப்பு. இது நிரூபிக்கப்பட்ட முடிவு அல்ல, என் ஊகம்தான். ஆனால் அந்தச் சோதனைகளைப் படித்த பிறகு, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நம்புகிறேன்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். பொருந்தாத பொய்யை மூளை எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1980-ல் மார்ட்டா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, ஆட்களை வாக்கியங்களை வாசிக்க வைத்தார்கள். ரொட்டியில் எதையோ தடவினான் என்று போகும் வாக்கியம் 'காலுறை' என்று முடிந்தால், அந்தச் சொல் தோன்றி சுமார் 400 மில்லிவிநாடியில் மூளையின் மின்பதிவில் ஒரு தெளிவான சரிவு வந்தது. அரை நொடிகூட ஆகவில்லை. கொரில்லா உடம்பில் ரோபோத் தலை என்பது ரொட்டியில் காலுறை தடவுவது மாதிரிதான்.

பொருந்தாமை கதையில் மட்டும் இல்லை, பௌதிகத்திலும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நின்று பார்க்கலாம். மலிவான படத்தில் கட்டடம் இடிந்து விழும்போது அது பொம்மை என்று ஐந்து வயதுக் குழந்தைகூடச் சொல்லிவிடும். எப்படி? பெயின்ட் சரியில்லை என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் புவியீர்ப்பு. 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒரு கல் தரையைத் தொட ஏறக்குறைய 2 விநாடி ஆகும். அந்தக் கட்டடத்தையே 16-ல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தால் உயரம் ஒன்றேகால் மீட்டர். அங்கிருந்து விழ அரை விநாடி போதும். நீளம் 16 மடங்கு குறைந்தால் நேரம் அதன் வர்க்கமூலமான 4 மடங்குதான் குறையும். பொம்மையைச் சுருக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க முடியாது.

இதற்கு மாற்று வழி உண்டு. விநாடிக்கு 24 பிரேமில் ஓடும் படத்துக்கு, அந்தக் காட்சியை மட்டும் 96 பிரேமில் எடுத்தால், திரையில் நான்கு மடங்கு மெதுவாகி, அரை விநாடி 2 விநாடியாகும். கட்டடத்துக்கு எடை வந்துவிடும். ஆனால் வேகமாக ஓடும் கேமராவுக்கு நான்கு மடங்கு பிலிம் வேண்டும், அதற்கேற்ற வெளிச்சமும் வேண்டும். பட்ஜெட்டில் முதலில் அடிபடுவது இதுதான். பணம் இருந்தாலும் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். துளியின் அளவைத் தீர்மானிப்பதில் பரப்பு இழுவிசைக்குப் பெரிய பங்கு உண்டு. பொம்மைக் கப்பலுக்காக அது தன்னைச் சுருக்கிக்கொள்ளாது. 16-ல் ஒரு பங்கு கப்பலின் மேல் தெறிக்கும் 5 மில்லிமீட்டர் துளி, திரையில் 8 சென்டிமீட்டர் உருண்டையாகத் தெரியும். போர்க்கப்பலைப் புயல் தாக்குகிறது என்று பார்த்தால், யாரோ வாளித் தண்ணீரை ஊற்றுவது போல் இருப்பது அதனால்தான்.

கிராஃபிக்ஸ் வந்த பிறகும் கதை அதேதான். ராட்சத மிருகம் ஈ மாதிரி வெடுக்கென்று திரும்பும். காலூன்றிய இடத்தில் நிழல் இருக்காது. நடிகரின் முகத்தில் வெயில் இடப்பக்கம், மிருகத்தின் முதுகில் வலப்பக்கம். கேமராவில் எடுத்தால் வேகமாக நகரும் பொருள் ஒவ்வொரு பிரேமிலும் கொஞ்சம் மங்கிப் பதியும். கணினிக்கு அதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் மிருகம் கத்தரித்து ஒட்டிய படம் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். பார்ப்பவருக்கு இதில் ஒன்றையும் விளக்கத் தெரியாமல் இருக்கலாம். 'என்னமோ இடிக்குது' என்பது மட்டும் தெரிந்துவிடும்.

அந்த 'என்னமோ இடிக்குது' பேச்சு வருவதற்கு முன்பே நமக்குள் இருக்கிறது. ஐமி ஸ்டால், லிசா ஃபைகன்சன் இருவரும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், 11 மாதக் குழந்தைகளுக்குச் சில வித்தைகளைக் காட்டினார்கள். ஒரு பொம்மை சுவரை ஊடுருவிப் போவதாகத் தெரியும், இன்னொன்று பிடிமானமே இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். பிறகு அந்தப் பொம்மைகளைக் கையில் கொடுத்தார்கள். சுவரை ஊடுருவியதைக் குழந்தைகள் தரையில் தட்டிப் பார்த்தன. அந்தரத்தில் நின்றதைக் கீழே போட்டுப் பார்த்தன. ஒழுங்காக நடந்துகொண்ட பொம்மையை அவை அப்படிச் சீண்டவில்லை. உலகத்தின் விதியை மீறும் பொருள் நம்மை விரட்டுவதில்லை, இழுக்கிறது. ஆடும் விண்கலத்தைக் கண்டதும் நான் ரிமோட்டை எடுத்துப் பத்து விநாடி பின்னால் போவதும் கிட்டத்தட்ட அதுதான். பொம்மையைக் கீழே போட்டுப் பார்க்கிறேன்.

சரி, ஆர்வம் புரிகிறது. சிரிப்பு எங்கிருந்து வருகிறது? காதில் பூ சுற்றினால் கோபம்தானே வர வேண்டும்? பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் இருவரும் 2010-ல் வைத்த விளக்கம் இங்கே பொருந்துகிறது. ஏதோ ஒன்று விதியை மீற வேண்டும்; அதே நேரத்தில் அந்த மீறல் யாருக்கும் தீங்கில்லாததாகத் தோன்ற வேண்டும். இரண்டும் ஒன்றாக மனதில் விழும்போது சிரிப்பு வருகிறது. மலிவான அறிவியல் புனைவு அதிரடிப் படம் இந்தச் சூத்திரத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. உலகம் அழிகிறது, ஆனால் அட்டையால் செய்த உலகம். ஆள் செத்து விழுகிறார், ஆனால் துப்பாக்கி வெடிப்பதற்கு அரை நொடி முன்னாலேயே விழுந்துவிடுகிறார். மோசமான சோகப் படத்தில் இந்த அளவு சிரிப்பு கிடைக்காது. அங்கே தப்பு நடிப்பிலும் வசனத்திலும் மட்டும் இருக்கும். இங்கே நியூட்டனே தோற்கிறார்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. அதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். படம் தெரியாமல் மோசமாக இருக்க வேண்டும். சூசன் சோன்டாக் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1964-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த வகை ரசனையைப் பிரித்துக் காட்டினார்: முழு மனதோடு எடுத்துத் தோற்றது ஒரு ரகம், தோற்பது போல் நடிப்பது வேறு ரகம். முதல் ரகத்துக்கு எட் வுட் என்ற இயக்குநரின் 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' நல்ல உதாரணம். அதில் வரும் பேலா லுகோசி என்ற நடிகர், படப்பிடிப்புக்கு முன்பே 1956-ல் இறந்துவிட்டார். வேறு படத்துக்காக எடுத்த சில துண்டுகள்தான் கையில் இருந்தன. எட் வுட் அசரவில்லை. தன் மனைவிக்கு முதுகெலும்புச் சிகிச்சை செய்துவந்தவரைக் கூட்டிவந்து, அங்கியால் முகத்தை மறைத்தபடி மீதிக் காட்சிகளில் நடமாட விட்டார். சிகிச்சையாளர் லுகோசியை விட உயரம், சாயலும் இல்லை. சிரித்து முடித்த பிறகு யோசித்தால், இறந்த நடிகரை எப்படியாவது திரையில் வைத்துவிட வேண்டும் என்று ஒருவர் பட்ட பாடு அதில் தெரிகிறது. 1980-ல் ஒரு புத்தகம் இதை உலகின் மிக மோசமான படம் என்று அறிவித்தது. படத்துக்குப் புதிதாக ரசிகர் கூட்டம் சேர்ந்ததுதான் மிச்சம்.

இரண்டாவது ரகத்தில் சூறாவளியில் சுறாக்கள் பறந்துவரும் படங்கள். 2013-ல் முதல் படம் தொலைக்காட்சியில் வந்து பேசப்பட்டதும், 2018-க்குள் மொத்தம் ஆறு படங்கள் ஆகிவிட்டன. முதல் படத்தை ரசித்தேன். மூன்றாவதில் எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று. தப்பைக் கண்டுபிடிக்கும் முன்பே படமே கண்ணடித்துக் காட்டிவிடுகிறது. ஒளிந்தவனே கையைத் தூக்கிக் காட்டினால் கண்ணாமூச்சி ஆட முடியுமா?

இந்தப் படங்களைத் தனியாகப் பார்த்தால் பாதிச் சுகம்தான். ராபர்ட் புரொவைன் என்ற நரம்பியலாளரின் கணிப்புப்படி, தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட ஆட்களோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம். ராபின் டன்பாரின் குழு 2012-ல் வெளியிட்ட சோதனைகளில், சேர்ந்து சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் திறன் கூடியிருந்தது. சிரிக்கும்போது மூளையில் வலியைக் குறைக்கும் எண்டார்பின் என்ற ரசாயனம் சுரப்பதுதான் காரணம் என்பது அவர்கள் விளக்கம். நல்ல படத்தில் பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறந்தால் கடுப்பாகிறது. மொக்கைப் படம் பேசுவதற்கு இடம் விட்டே எடுக்கப்பட்டிருக்கிறது. 1988-ல் மினியாபொலிஸ் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று இதையே நிகழ்ச்சியாக்கியது. ஒரு மனிதனும் ரோபோ பொம்மைகளும் திரைக்குக் கீழே நிழலுருவாக உட்கார்ந்து, ஓடுகிற படத்தைக் கலாய்ப்பார்கள். வீட்டில் தனியாக இருப்பவருக்கும் கூட்டாளிகள் கிடைத்துவிட்டார்கள்.

அப்படியானால் யார் பார்க்கிறார்கள்? வேறு எதுவும் புரியாதவர்களா? பிராங்பர்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் அனுபவ அழகியல் நிறுவனத்தில் கெய்வன் சர்கோஷ், வின்ஃப்ரீட் மெனிங்ஹவுஸ் இருவரும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரிச் சொன்னது. இப்படங்களின் ரசிகர்கள் சராசரியை விட அதிகம் படித்தவர்கள். கலைப்படமும் பார்ப்பார்கள், இதையும் பார்ப்பார்கள். இதைச் சொல்லிப் பெருமைப்பட ஆசைதான். ஆனால் இதில் அறிவாளித்தனத்தை விடப் பழக்கம்தான் அதிகம் என்று நினைக்கிறேன். படம் எப்படி ஓட வேண்டும் என்று நிறையப் பார்த்துப் பழகியவருக்குத்தான் எங்கே தடுக்கியது என்பது தெரியும்.

ஒரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படங்களில் பெரும்பகுதி வெறும் சலிப்பு. ஆட்கள் பாறைகளுக்கு நடுவே நடக்கிறார்கள், நடக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள். நடப்பதைப் படம் எடுப்பதுதான் மலிவு. நேரம் போதாவிட்டால் வேறு படத்தின் துண்டு. 'ரோபோ மான்ஸ்டரில்' சம்பந்தமே இல்லாமல் டைனோசர்கள் சண்டை போடுகின்றன, 1940-ல் வந்த ஒரு படத்திலிருந்து எடுத்து ஒட்டியது. நண்பர்களிடம் கதை சொல்லும்போது நான் அந்த நடையைச் சொல்வதே இல்லை. குமிழி இயந்திரத்தை மட்டும் சொல்வேன். அவர்களும் ஏமாந்து போய்ப் பார்ப்பார்கள்.

அந்தப் படத்தில் ஒரு இடம் இருக்கிறது. உயிர் தப்பியவர்களில் ஒரு பெண்ணைக் கொல்ல ரோபோவுக்குக் கட்டளை வந்துவிட்டது, மனம் வரவில்லை. தனியாக நின்று புலம்புகிறது. குரல் வேறு ஒருவருடையது. கவசத்துக்குள் வாய் தெரியாது என்பதால், பேசுவது தான்தான் என்று காட்ட பேரோஸ் அந்தக் கனத்த ரோமக் கைகளை வெட்டவெளியில் வீசி வீசி ஆட்டுகிறார். பின்னணி இசை எல்மர் பெர்ன்ஸ்டீன், பின்னாளில் ஆஸ்கர் வாங்கியவர். அவர் இது கொரில்லா உடை என்பதையே கண்டுகொள்ளாமல் நிஜமான சோகத்துக்கு வாசித்திருக்கிறார். அந்தக் காட்சியை நான் நான்கைந்து முறை பின்னால் தள்ளிப் பார்த்திருக்கிறேன். கடைசி முறை சிரிக்க மறந்துபோனேன்.